படிப்புக் குழுவில் நிஜப் பெயரா, புனைபெயரா? பார்வையற்ற நண்பனையும் சேர்த்து நடத்துவது எப்படி?

அண்ணாமலையடிவாரம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வந்தவர்கள். இந்த செமஸ்டரில் ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் படிப்பான என்பிடெல்லில் பைத்தான் புரோகிராமிங் பாடத்தைச் சேர்ந்தே படிக்கலாம் என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். குழுவின் லிங்க்கை யாரோ வேறு கல்லூரிக் குழுக்களில் போட்டுவிட, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் உள்ளே வந்து எங்கள் வகுப்புப் பெண்களுக்குத் தனியாக 'ஹாய்' அனுப்ப ஆரம்பித்தார்கள். இப்போது ஒரு பெண்கூடக் குழுவில் இல்லை.

மிச்சம் இருப்பவர்களில் என் நண்பன் ஒருவனுக்குப் பார்வை கிடையாது. லேப்டாப்பில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளைப் போட்டுப் படிக்கிறான், லாஜிக்கில் எங்கள் எல்லாரையும் விடக் கெட்டி. அவன் நேற்று, "உங்க குரூப்ல எனக்கு வர்றதெல்லாம் போட்டோ, போட்டோ, போட்டோன்னுதான்டா கேக்குது" என்றான்.

அப்புறம் என் சொந்தக் குழப்பம். எழுதும் புரோகிராம்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப்பிலும், வேலை தேட உதவும் லிங்க்ட்இன்னிலும் கணக்கு தொடங்கச் சொல்கிறார் சார். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். கையில் இருக்கும் ஜிமெயில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு நடிகர் பெயரோடு 'வெறியன்' சேர்த்து ஆரம்பித்தது. எந்தப் பெயரில் தொடங்குவது? சந்தேகம் கேட்கவும் நிஜப் பெயரில் வரக் கூச்சமாக இருக்கிறது, நாளைக்கு வேலைக்குப் போகும்போது 'இதையெல்லாமா கேட்டான்' என்று யாராவது தேடி எடுத்துவிட்டால்?

கோடம்பாக்கம்_கோடர் பதில்:

தம்பி, முதலில் பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் என்ன எழுத்துக்கூட்டலோ அதுதான் அடிப்படை, மற்ற எல்லாவற்றையும் அதற்கு இழுத்து வா. படிவங்கள் 'கடைசிப் பெயர்' கேட்கும், நமக்கு அப்படி ஒன்று கிடையாது. ஒருவன் இனிஷியலைப் போடுவான், இன்னொருவன் அப்பா பெயரை முழுசாகப் போடுவான், அதே ஆள் அடுத்த தளத்தில் ஊர்ப் பெயரைப் போடுவான். எதை வேண்டுமானாலும் போடு, ஆனால் எல்லா இடத்திலும் அதையே போடு. என்பிடெல் சான்றிதழில் பரீட்சைப் பதிவில் நீ கொடுக்கும் பெயர்தான் அச்சாகும், தேர்வு மையத்தில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டும் பார்ப்பார்கள். டிஜிலாக்கர் ஆதார் பெயரை எடுத்துக்கொள்ளும், படிப்பின் கிரெடிட் சேரும் ஏபிசி (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) கணக்கும் அதன் வழியாகத்தான். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகாவிட்டால் கடைசி வருடத்தில் அலைய வேண்டிவரும். ஆதாரைத் திருத்துவதென்றால் இப்போதே செய்.

மெயில் புதிதாக ஒன்று ஆரம்பி. பழையதை அழிக்காதே, எந்தெந்தக் கணக்கு அதில் தொங்குகிறது என்று யாருக்குத் தெரியும். கல்லூரி மெயில் கொடுத்தால் கிட்ஹப் மாணவர் சலுகைக்கு மட்டும் அதைச் சேர்த்துக்கொள், முதன்மை மெயிலாக வைக்காதே. படிப்பு முடிந்ததும் அதை மூடிவிடும் கல்லூரிகள் உண்டு, கடவுச்சொல் மறந்தால் போச்சு.

கிட்ஹப்பில் பலர் கவனிக்காத ஒன்று: நீ போடும் ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது மாற்றத்தைச் சேமிக்கும் ஒவ்வொரு பதிவிலும், பெயரும் மெயிலும் சேர்ந்தே பதிவாகும், கோப்புகள் இருக்கும் ரெபோ பொதுவில் இருந்தால் யாரும் எடுத்துப் பார்க்கலாம். கணக்கு அமைப்பில் மெயிலை மறைக்கும் வசதியை ஆன் செய்தால் கிட்ஹப்பே ஒரு பொய் முகவரி தரும், அதை உன் லேப்டாப்பில் கிட் மென்பொருளின் அமைப்பிலும் (கிட் கான்ஃபிக்) போட வேண்டும். முதல் கமிட்டுக்கு முன்னால் செய். பிறகு வரலாற்றை மாற்றி எழுதுவது தலைவலி.

குழுவில் எல்லாரும் நிஜப் பெயர், ரோல் நம்பரோடு வரட்டும், கண்டவன் நுழைய முடியாது. சின்னக் கேள்வி கேட்டதற்காக யாரையும் வேலைக்கு வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

விரல்நுனி பதில்:

தம்பி, நானும் பார்வையற்றவன்தான், பள்ளி ஆசிரியர். உங்கள் நண்பர் சொன்னது எனக்கு அன்றாடம் நடப்பது.

புரோகிராம் கோடை (code) ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். எழுத்தாக ஒட்டினால் என்விடிஏ வாசித்துவிடும், மற்றவர்களுக்கும் காப்பி எடுத்து ஓட்டிப் பார்க்க வசதி. பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான் (உள்தள்ளல்) உயிர் என்பதால் கண் தெரியாதவருக்கு இது முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். என்விடிஏ அமைப்பில் 'ஆவண வடிவமைப்பு' பகுதியில் வரியின் உள்தள்ளலைச் சொல்லும்படி வைக்கலாம். பேச்சாகச் சொல்லும், அல்லது ஒலியாக. உள்ளே போகப் போகச் சுதி ஏறும். நான் ஒலியைத்தான் வைத்திருக்கிறேன், ஒரு 'இஃப்' எங்கே முடிகிறது என்று காதிலேயே தெரிந்துவிடும். உங்கள் நண்பருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், எதற்கும் கேட்டுப் பாருங்கள். அந்த மென்பொருளை எழுதத் தொடங்கியவர்களே பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள்தான், 2006இல். இன்றும் இலவசம்.

அடுத்தது தமிழ் நோட்ஸ். கல்லூரிகளில் சுற்றும் பழைய தமிழ்க் கோப்புகள் நிறைய பாமினி எழுத்துருவில் தட்டியவை. உங்கள் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துதான், எனக்கு "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று கேட்கும். ஒரு பக்கம் முழுக்க இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஏதாவது ஒன்றில் போட்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடாக மாற்றிவிட்டுப் பகிருங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும், தமிழும் வரும். அங்கங்கே பிழை இருக்கும், ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். கையெழுத்து நோட்ஸ் அதில் சரியாக வராது, அதைத் தட்டச்சு செய்வதைத் தவிர வழியில்லை.

படம் போட்டே ஆக வேண்டும் என்றால் கீழே இரண்டு வரி எழுதுங்கள். "இந்த வரைபடத்தைப் பாருங்க" என்பது விளக்கம் அல்ல. என்ன வரைபடம், எந்த அச்சில் என்ன, கோடு எங்கே ஏறுகிறது, அவ்வளவு போதும். அதற்காக எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜாக அனுப்பவும் வேண்டாம், எனக்கு வசதி, காது கேளாத ஒருவர் சேர்ந்தால் அவருக்குப் பூஜ்யம். எழுத்துதான் எல்லாருக்கும் பொது.

பரீட்சைக்கு உதவி எழுத்தர், கூடுதல் நேரம் எல்லாம் உண்டு, பதிவு செய்யும்போதே கேட்கச் சொல்லுங்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் வேலைக்காகாது.

மலைக்கோட்டை_எம்எஸ்சி பதில்:

கோடர் அண்ணா சொன்ன மெயில் விஷயம் எல்லாம் சரி, ரோல் நம்பரோடு நிஜப் பெயரில் வரச் சொன்னதுதான் சரிப்படாது. அண்ணாவுக்கு முன்பின் தெரியாதவன் ராத்திரி பதினொரு மணிக்கு 'தூங்கலையா' என்று மெசேஜ் அனுப்பியிருக்க மாட்டான். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தாலே நம்பர் எல்லாருக்கும் தெரியும், அதனால்தான் பெண்கள் வெளியே போனார்கள். பெயரும் ரோல் நம்பரும் அதோடு சேர்ந்தால் தேடி வருகிறவனுக்கு வேலை இன்னும் சுலபம்.

நாங்கள் டெலிகிராமுக்கு மாறினோம். அங்கேயும் சும்மா சேர்ந்தால் ஆகாது, தனியுரிமை அமைப்பில் 'போன் நம்பரை யார் பார்க்கலாம்' என்பதை 'யாரும் வேண்டாம்' என்று மாற்ற வேண்டும், கீழேயே 'நம்பரை வைத்து யார் கண்டுபிடிக்கலாம்' என்று இன்னொன்று வரும், அதையும் மாற்ற வேண்டும். இரண்டாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். குழுவுக்குள் ஆளுக்கொரு புனைபெயர். யார் யார் என்பது அட்மின்களாக இருக்கும் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும், வகுப்பில் நேரில் கேட்டு உறுதி செய்துதான் சேர்ப்பார்கள். அட்மினில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தொல்லை என்றால் ஒரு பையனிடம் போய் ஸ்கிரீன்ஷாட் காட்டி நிரூபிக்க எங்களுக்குத் தெம்பு இருக்காது.

புனைபெயரில் இன்னொரு லாபமும் பார்த்தோம். தமிழ்வழியில் வந்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒருவர் 'ரிட்டர்னுக்கும் பிரிண்டுக்கும் என்னங்க வித்தியாசம்' என்று கேட்டார், பாதிப் பேருக்கு அதே சந்தேகம் இருந்தது. தம்பி, உன் கூச்சத்துக்கும் இதுதான் வழி. சந்தேகம் கேட்கிற பெயர் ஒன்று, சான்றிதழுக்கும் கிட்ஹப்புக்கும் உன் பெயர். இரண்டிலும் ஒரே புரொபைல் படத்தை வைக்காதே, படத்தைப் போட்டுத் தேடினாலே இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும்.

வாட்ஸ்அப்பிலேயே இருக்கத்தான் வேண்டும் என்றால், டேட்டா பேக் அதற்கு மட்டும்தான் என்று சிலர் சொல்வார்கள், அதுவும் நியாயம்தான், பழைய லிங்க்கை ரீசெட் செய்துவிட்டு 'அட்மின் ஒப்புதல்' ஆன் செய். நம்பர் தெரிவது மட்டும் அப்படியேதான் இருக்கும்.

டேட்டா என்றதும் ஞாபகம் வருகிறது, என்பிடெல் பாடங்கள் பலவற்றுக்கு எழுத்துப் பிரதியும் இருக்கிறது. வீடியோ ஓடாதவர்களுக்கு அதை இறக்கிக் கொடுத்தாலே பெரிய உதவி.

இன்னொன்று, இன்டர்ன்ஷிப் என்று சொல்லி கூகுள் ஃபார்மில் ஆதார் நகல் கேட்பார்கள். யார் என்றே தெரியாதவர்களுக்கு எதுவும் கொடுக்காதே. கல்லூரி வழியாக வந்து, கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை இறக்கிக் கொடு.

கோடம்பாக்கம்_கோடர் பதில்:

மலைக்கோட்டை சொல்வது சரிதான், குழு விஷயத்தில் அவர் சொன்னபடியே செய். ஆனால் கிட்ஹப்பில் புனைபெயர் வேண்டாம் என்பதில் நான் மாறமாட்டேன். ரெஸ்யூமில் 'வெறியன்' லிங்க் கொடுத்த ஆட்களையும் பார்த்திருக்கிறேன்.

அண்ணாமலையடிவாரம் பதில்:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா, சார். டெலிகிராமுக்கு மாறலாம் என்று வகுப்பில் கேட்டேன், இரண்டு பெண்கள் அட்மினாக இருக்கச் சம்மதித்துவிட்டார்கள். விரல்நுனி சார், ஒரு சந்தேகம். நண்பன் ஒலியை வைத்துப் பார்த்தானாம், சில கோடில் மட்டும் சுதி தப்பாக ஏறுகிறது என்கிறான். ஏன்?

விரல்நுனி பதில்:

டேப்பும் ஸ்பேஸும் கலந்திருக்கலாம். சில சமயம் பார்க்கும்போது ஒரே மாதிரி இருக்கும், கேட்டால்தான் மாட்டும். எல்லாரும் நாலு ஸ்பேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், எடிட்டரிலேயே டேப்பை ஸ்பேஸாக மாற்றும் அமைப்பு உண்டு. யாருடைய கோடில் தப்பு வருகிறது என்று அவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பைத்தான் எர்ரர் காட்டுவதற்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார்.