இரண்டு வருடம் பிடுங்கி எறிந்தது பருப்புக்கீரையாம்!

மாடித் தொட்டிகளில் ஒரு களை ஓயாமல் வந்துகொண்டிருந்தது. சிவந்த, நீர் கோத்த தண்டு, சின்னக் கரண்டி மாதிரித் தடித்த இலை. தரையோடு படரும். இரண்டு வருடமாகப் பிடுங்கிப் பிடுங்கித் தொட்டி ஓரத்திலேயே போட்டேன். அதுவோ வதங்கினாலும் சாகாது. கொஞ்சம் ஈரம் பட்டால் கிடந்த இடத்திலேயே வேர் விடும். பிடுங்கிய பிறகும் தண்டில் இருக்கும் நீரைக் கொண்டே விதையை முற்ற வைத்துவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. களை எடுப்பதாக நினைத்து நானே விதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாமியார் ஒருநாள் மாடிக்கு வந்தவர், "ஏம்மா, பருப்புக்கீரையைப் போயா பிடுங்கி எறியறே?" என்றார். நம்பிக்கை வரவில்லை. மஞ்சள் பூ காலை வெயிலில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்வதைக் காட்டி, "பத்துமணிப் பூவுக்குச் சொந்தம்மா இது" என்றார். உண்மைதான், இரண்டும் ஒரே பேரினம். சிலர் இதையே தரைக்கீரை என்பார்கள்.

முதல் சமையல் சொதப்பல். மற்ற கீரைக்கு விடுகிற மாதிரி தண்ணீர் விட்டுவிட்டேன். இதில் ஏற்கெனவே நீர் அதிகம், வழவழப்பும் உண்டு. கொழகொழவென்று ஆகிவிட்டது. இப்போதெல்லாம் பாசிப்பருப்பை முக்கால் பதம் வேகவிட்டு, கடைசியில் கீரையைப் போட்டு, மூடாமல் ஐந்து நிமிடம். தண்டையும் கிள்ளிப் போடலாம். புளியைக் குறைத்துக்கொள்ளுங்கள், கீரையே புளிக்கும்.

அந்தப் புளிப்பு விஷயம் வேடிக்கை. தண்ணீர் ஊற்ற மறந்த தொட்டியில் காலையில் பறித்தால் நாக்கு கூசும். அதே செடியில் சாயங்காலம் பறித்தால் பாதிகூட இருக்காது. செடி தண்ணீர் இல்லாமல் காயும்போது இரவில்தான் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, மாலிக் அமிலம் என்ற புளிப்பாகச் சேர்த்து வைக்குமாம், பகலில் அது செலவாகிவிடும். அதனால் குழந்தைகளுக்கு என்றால் நான் சாயங்காலம் பறிப்பேன்.

ஒரு முறை அவசரத்தில் கிள்ளும்போது விரலில் வெள்ளைப் பால் ஒட்டியது. பகீரென்றது. அம்மான் பச்சரிசி இனத்துச் சிறு செடி ஒன்று ஊடே படர்ந்திருந்தது. அதன் தண்டு கம்பி மாதிரி மெல்லியது, இலையிலும் சதை இல்லை. பருப்புக்கீரையை ஒடித்தால் தெளிந்த நீர்தான் வரும், பால் வராது. அன்று தட்டு முழுவதையும் கொட்டிவிட்டேன். புதிதாகப் பறிப்பவர்கள் ஒவ்வொரு தண்டையும் ஒடித்துப் பாருங்கள். மருந்து அடித்த இடத்திலும் சாக்கடை ஓரத்திலும் முளைத்ததைத் தொடவே வேண்டாம்.

கல் உண்டாக்கக்கூடிய ஆக்சலேட் என்ற உப்பு அதிகம் உள்ள கீரை என்பதால் சிறுநீரகக் கல் வந்த என் கணவருக்கு இது கிடையாது. அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

போன மாதம் இதற்கென்றே ஒரு தொட்டி ஒதுக்கி, விதையை மண்ணுக்குள் நன்றாகப் புதைத்தேன். ஒன்றும் வரவில்லை. வெளிச்சம் பட்டால்தான் முளைக்குமாம், மேலாகத் தூவினால் போதுமாம். நான் தூவாமலே ரோஜாத் தொட்டியில் மட்டும் மறுபடி வந்திருக்கிறது.