பனிமேல் மழை பெய்த குளிர்காலத்தில் நான் பார்த்த ரெயின்டீர்கள்

வேளச்சேரியிலிருந்து:

பனிப் பிரதேசத்து விலங்குகளை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் வேலைக்காக ரெண்டு வருஷம் நார்வேயில், டிரோம்சோவில் இருந்தேன். ஒரு ஜனவரியில் கூட வேலை பார்த்த பெண் கௌதொகெய்னோ பக்கம் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். சாமி என்கிற பழங்குடி இனம். பரம்பரையாக ரெயின்டீர் என்கிற பனி மான்களை மேய்ப்பவர்கள்.

பனி அதிகமானால் மான்கள் பட்டினி கிடக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று அவள் அப்பா சொன்னார். உப்பு மாதிரி உதிரியாக இருக்கிற பனி முழங்கால் ஆழம் கிடந்தாலும் அவற்றுக்குக் கவலை இல்லை. அடியில் இருக்கும் லைக்கனை (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து தரையோடு வளர்வது) மோப்பம் பிடித்து, முன்னங்குளம்பால் குழி பறித்துத் தின்றுவிடும். தோண்டிய குழியை மற்றதிடமிருந்து காக்கத்தான் பெட்டைக்கும் கொம்பு, குளிர்காலம் முழுக்க அது விழாது. எனக்கு இது புதுசு.

அந்த வருஷம் நவம்பரில் பனிமேல் மழை பெய்துவிட்டது. தண்ணீர் அடிவரை இறங்கி உறைந்துபோனது. அவர் கையில் ஒரு கம்பைக் கொடுத்துக் குத்தச் சொன்னார். மேலே மெத்தென்று இறங்கியது, அப்புறம் ‘டங்’. பனியை ஒதுக்கிப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி சாம்பல் வெள்ளையில் லைக்கன், ஒவ்வொரு கிளையும் தெரிகிறது. பக்கத்தில் ஒரு பெட்டை சுரண்டிக்கொண்டே இருந்தது. பனிக்கட்டியில் வெள்ளைக் கீறல்கள் விழுந்தன, அவ்வளவுதான். மோந்து பார்த்தது, ரெண்டடி தள்ளிப் போனது, மறுபடி சுரண்டியது. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். ஒரு வாய்கூட அதற்குக் கிடைக்கவில்லை.

ஆவடியிலிருந்து:

நான் ராணுவத்தில் இருந்தவன். வடக்கு சிக்கிமில் யாக் மந்தைகளைத் தினமும் பார்ப்போம். நாம் படித்த கவரிமா இதுதான் என்று எங்கள் சுபேதார் சொல்வார். மூச்சு உறைந்து மூக்கைச் சுற்றி ஐஸ் தொங்கும், அது பாட்டுக்கு மேயும். இதற்கும் சாவு உண்டா என்று நினைப்போம். 2019 மே மாதம் முகுதாங், யும்தாங் பக்கம் சுமார் 300 யாக் பட்டினியில் செத்தன என்று செய்தி. டிசம்பரில் தொடங்கிய பனி விடவே இல்லை, தீவனம் கொண்டுபோக வழியும் இல்லை. பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கிண்டியிலிருந்து:

அக்கா, ஒரு சந்தேகம். நம்ம கிண்டிக் காட்டு மான்களுக்கு வெயில்தான் பிரச்சினை, கோடையில் தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அங்கே சூடானால் புல் அதிகமாகி மானுக்கு நல்லதுதானே?

வேளச்சேரியிலிருந்து:

பாதி சரி தம்பி. கோடை நீளுகிறது, மேய்ச்சல் கூடுகிறது, குட்டிகளும் கூடுகின்றன. ஆனால் குளிர்காலத்தில் அத்தனை வாயும் பூட்டின தரைமேல் நிற்கும். நார்வேக்கு வடக்கே இருக்கிற ஸ்வால்பார்ட் தீவுகளில் 1994-ல் பிறந்த பெட்டைகள் வளர்ந்தபோது சராசரி 55 கிலோ இருந்தன. 2010-ல் பிறந்தவை 48 கிலோதான். அங்கே சில மான்கள் கடற்கரைக்கு வந்து கடற்பாசி தின்கின்றன. வேறு வழி இல்லாமல்தான்.

1979-லிருந்து ஆர்க்டிக் என்கிற வடதுருவப் பகுதி உலக சராசரியைப் போல ஏறக்குறைய 4 மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. கடல் உறைவது தள்ளிப்போனால் காற்றில் ஈரம் ஏறும். பனியாக விழ வேண்டியது மழையாக விழும். ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் அப்படிப் பெய்து உறைந்ததில் சுமார் 61,000 ரெயின்டீர்கள் செத்தன. கனடாவின் பேங்க்ஸ் தீவில் 2003 அக்டோபரில் நீளமான முடி உள்ள கஸ்தூரி எருதுகள் ஏறத்தாழ 20,000 செத்தன. புயலில் அடித்துப்போன சாவு இல்லை இது, காலுக்கடியில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வற்றிச் சாவது.

ஆவடியிலிருந்து:

தீவனம் போடலாமே அம்மா? அந்த நாட்டில் ரோடு வசதி இருக்குமே.

வேளச்சேரியிலிருந்து:

போடுகிறார்கள் சார். மூட்டை மூட்டையாகத் தீவனம் வாங்கி அந்தக் குடும்பமும் போட்டது. லைக்கனுக்குப் பழகின வயிறு, திடீரென்று மாற்றினால் செரிக்காமல் சில மான்கள் படுத்துவிடும். பட்டியில் நெருக்கி அடைத்தால் கண்நோய் பரவும். ‘மேயத் தெரிந்த மிருகத்தைக் கை பார்த்து நிற்க வைத்துவிட்டோம்’ என்று அந்தப் பெண்ணின் அப்பா சொன்னபோது குரல் கம்மிவிட்டது.

கிளம்புகிற அன்று காலையில் அவர் மகன் கோடாலியால் பனிக்கட்டியைப் பிளந்துகொண்டிருந்தான். காசிமேட்டில் ஐஸ் பார் உடைக்கிற அதே சத்தம். சத்தம் கேட்டதும் தூரத்தில் நின்ற மான்கள் ஓடி வந்தன. கட்டியைப் புரட்டிப் போட்டான். அதன் அடியில் ஒட்டியிருந்த லைக்கனை ஒன்று நக்கிக்கொண்டிருக்கும்போதே இன்னும் நாலு தலை உள்ளே நுழைந்தன. அவன் அடுத்த இடத்துக்குப் போய்க் கோடாலியை ஓங்கினான்.