நியூயார்க் ப்ரைமரி: பட்டியலில் பெயர் இருக்கு, வாக்குச் சீட்டு கிடையாதாம். ஏன்?

கேள்வி:
வீடு குவீன்ஸில். சிட்டிசன் ஆனதும் வாக்காளராகப் பதிஞ்சாச்சு. தேர்தல் வாரியத் தளத்தில் தேடினால் பெயர் வருது, கட்சி என்ற இடம் மட்டும் காலி. ஜூன் ப்ரைமரியில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல்) ஓட்டுப் போட முடியாதுன்னு சொல்றாங்க. சாவடியில் அஃபிடவிட் சீட்டு (உறுதிமொழியில் கையெழுத்திட்டுப் போடுவது, பிறகு சரிபார்ப்பாங்க) கேட்டு வாங்கிப் போட்டால் எண்ணுவாங்களா? நவம்பரில் போட்டால் போதாதா? மேயருக்கு ஐந்து பேரை வரிசைப்படுத்துறது எப்படி? மாமியார் கிரீன் கார்டில் இருக்காங்க, அவங்க போடலாமா?

பதில் 1:
நியூயார்க்கில் ப்ரைமரி மூடிய தேர்தல். டெமாக்ரட்டாகப் பதிந்தவருக்கு டெமாக்ரட் சீட்டு, ரிபப்ளிகனுக்கு ரிபப்ளிகன் சீட்டு, கட்சி காலி என்றால் எதுவும் இல்லை. அஃபிடவிட் சீட்டைக் கேட்டால் கொடுப்பாங்க. ஆனால் எண்ணும்போது பதிவேட்டைப் பார்ப்பாங்க, அங்கே கட்சி இல்லைன்னா தள்ளிடுவாங்க. நீங்கள் பதிவுப் படிவத்தில் கட்சியை டிக் செய்தும் வாரியம் அதை ஏற்றாமல் விட்டிருந்தால்தான் அது கைகொடுக்கும். அப்படியென்றால் ஓட்டுப் போட்டு முடிக்காமல் சாவடியை விட்டு வராதீங்க.

கட்சியைச் சேர்க்க அதே பதிவுப் படிவத்தை மறுபடி நிரப்பணும். பிப்ரவரி 14-க்குள் வாரியத்தின் கைக்குப் போய்ச் சேரணும். அதற்குப் பிறகு கொடுத்தால் ஜூன் ப்ரைமரி முடிந்த பின்தான் செல்லும். இன்றே அனுப்புங்க, அடுத்த முறைக்கு ஆகும். முதல்முறை பதிவு செய்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தேர்தலுக்கு 10 நாள் முன்பு வரை பதியலாம், கட்சியும் உடனே செல்லும். அதனால் முதல் படிவத்திலேயே கட்சிப் பகுதியைக் காலியாக விடாதீங்கன்னு தெரிந்தவங்களுக்கெல்லாம் சொல்லுங்க.

பதில் 2:
நவம்பர் போதாது. நகர வாக்காளர்களில் டெமாக்ரட்டுகளே பெரும்பான்மை, பல கவுன்சில் தொகுதிகளில் அந்த ப்ரைமரியிலேயே முடிவாகிவிடும். மேயர் ப்ரைமரியில் ஐந்து பேர் வரை பிடித்த வரிசையில் குறிக்கலாம். சுற்றுச் சுற்றாக எண்ணி, கடைசியில் இருப்பவர் வெளியேறினால் அவருக்குப் போட்ட சீட்டு அதில் அடுத்துக் குறித்தவருக்குப் போகும். 2021 டெமாக்ரட் மேயர் ப்ரைமரியில் எரிக் ஆடம்ஸ் என்ற வேட்பாளர் கேத்ரின் கார்சியாவை வென்றது 7,197 வாக்கில். போட்டதோ ஒன்பது லட்சத்துக்கு மேல்! அதே தேர்தலில் சுமார் 1,40,000 சீட்டுகள் கடைசிச் சுற்றுக்கு முன்பே தீர்ந்துபோயின, அதாவது அவர்கள் வரிசையிட்ட யாரும் களத்தில் மிஞ்சவில்லை. வித்தியாசத்தைப்போல இருபது மடங்கு.

அதனால் வரிசையை நன்றாக நிரப்புங்க. சீட்டில் பெயர்கள் வரிசையாகக் கீழே இறங்கும், 1 முதல் 5 வரை பத்திகள் குறுக்கே. ஒவ்வொரு பத்தியிலும் ஒரே ஓவல், முழுக்கக் கருப்பாக. இரண்டு பெயருக்கு ஒரே பத்தியில் குறித்தால் அந்த இடமும் அதற்குப் பிந்தையவையும் செல்லாது. ஸ்கேனர் எச்சரித்தால் அப்படியே அழுத்தி விடாமல் புதுச் சீட்டு கேளுங்க. ஒருவரையே ஐந்து பத்தியிலும் குறிப்பது பலம் சேர்க்காது, ஒரே வாக்குதான். இரண்டாம் இடம் கொடுப்பதால் முதலாமவருக்கு நஷ்டமும் இல்லை. அவர் வெளியேறிய பிறகுதான் அந்தக் குறி பார்க்கப்படும். பிடிக்காதவரை வரிசையில் சேர்க்கவே வேண்டாம்.

இந்த வரிசை முறை மேயர், கவுன்சில் போன்ற நகரப் பதவிகளுக்கு மட்டும். நீதிபதி, மாவட்ட வழக்கறிஞர் பெயர்கள் வந்தால் பழையபடி வரிசை இல்லாமல் குறிக்கணும். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்க.

பதில் 3:
மாமியார் பதியவே கூடாது. கிரீன் கார்டுக்காரர்கள் நகரத் தேர்தலில் போடலாம் என்று வந்த நகரச் சட்டத்தை மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமான கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் 2025 மார்ச்சில் செல்லாதென்று சொல்லிவிட்டது. படிவத்தில் சிட்டிசனா என்ற கேள்விக்கு ஆம் என்று கையெழுத்திட்டால் பின்னால் குடியுரிமைக்கே சிக்கல். யாராவது வாசலில் படிவத்தை நீட்டினாலும், “இன்னும் சிட்டிசன் ஆகலை” என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்க.