மறு: மறு: டிஸ்பிளேஸ்மென்ட் – இடப்பெயர்ச்சி வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கும் பகுதியின் கன அளவை ஆங்கிலத்தில் டிஸ்பிளேஸ்மென்ட் என்கிறோமே, அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கத்தான் நேரம் கிடைத்தது. இன்று ஞாயிறு, எங்கள் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு லீவு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இயற்பியலில் இடப்பெயர்ச்சி நிலைத்துவிட்ட சொல். எஞ்சினுக்கும் அதையே வைத்துக்கொள்வோம்.

ஐயா, கோலாலம்பூரில் எங்கள் செந்தூலுக்கு வந்து 'இடப்பெயர்ச்சி' என்று சொல்லிப் பாருங்கள். சனியா குருவா என்று கேட்பார்கள். ஈழத்து நண்பர்கள் காதில் அது வேறு மாதிரி விழும். அதெல்லாம் போகட்டும். இயற்பியலில் அந்தச் சொல் குறிப்பது திசையோடு கூடிய தொலைவை. நமக்கு வேண்டியது கன அளவு. பிஸ்டன் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பதற்கும், அந்த நகர்வில் எத்தனை சிசி (கன சென்டிமீட்டர்) காலியானது என்பதற்கும் ஒரே சொல்லைப் போட்டால் குறிப்பேடு படிக்கிற பையன் என்ன செய்வான்?

> கொள்ளளவு போதுமே.

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்களிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கான குறிப்பேட்டில் 'எஞ்சின் கொள்ளளவைக் கூட்டும் முறைகள்' என்றே தலைப்பு வைத்தேன். முதல் நாளே ஒருவன் கேட்டான்: "அண்ணே, பெரிய டேங்க் போடப்போறோமா?" சிரித்துவிட்டேன். ஆனால் அவன் மேல் தப்பில்லை. கொள்ளளவு என்றால் கொள்கிற அளவு முழுவதும்தானே. யமஹா ஒய்15 மோட்டார் சைக்கிளின் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் குழி விட்டம் 57 மில்லிமீட்டர், வீச்சு, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 58.7 மில்லிமீட்டர். குழியின் பரப்பை வீச்சால் பெருக்கினால் 149.8 சிசி. ஆனால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போதும் அதன் தலைக்கு மேல் கிட்டத்தட்ட 16 சிசி இடம் மிச்சம் இருக்கிறது. 10.4 என்கிற அழுத்த விகிதம் (மொத்த இடத்துக்கும் இந்த மிச்ச இடத்துக்கும் உள்ள விகிதம்) வருவதே அதனால்தான். சிலிண்டர் உண்மையில் கொள்வது 166 சிசிக்குக் கொஞ்சம் குறைவு. நாம் 150 என்று சொல்வது பிஸ்டன் ஏறி இறங்கித் துழாவுகிற பகுதியை மட்டும்.

'சிசி என்றே விட்டுவிடுவோம்' என்று ஜொகூர் தம்பி எழுதியிருந்தார். எடைக்குப் பெயர் கிலோ என்கிற மாதிரிதான். கடையில் செல்லும், பாடத்தில் செல்லாது.

என் முன்மொழிவு: உழக்களவு.

காரணம் சொல்கிறேன். பிஸ்டனுக்கு முசலம் என்று ஒரு சொல் முன்பே உண்டு. முசலம் என்றால் உலக்கை. அப்படியானால் சிலிண்டர் உரல், அதன் உள்வட்டம் உரல்குழி. உலக்கை ஏறி இறங்கி என்ன செய்கிறது? உழக்குகிறது. யானை இறங்கிக் குளத்தை உழக்கிவிட்டது என்கிறோமே, அந்த உழக்கு. அதே உழக்கு நம் பழைய முகத்தல் அளவும் ஆயிற்றே! இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நாலு உழக்கு ஒரு படி. வினையும் அளவும் ஒரே சொல்லில் கிடக்கும்போது வெளியே போய் ஏன் தேடவேண்டும்? ஆழாக்கு சுமார் 168 மில்லிலிட்டர், அதாவது 168 சிசி. ஒய்15 பிறக்கும்போது ஆழாக்குக்குக் கொஞ்சம் குறைவு. 62 மில்லிமீட்டர் குழி உள்ள சிலிண்டர் பிளாக் போட்டால் 177 சிசி, ஆழாக்கைத் தாண்டிவிடும். (இதைப் பையன்களிடம் சொன்னேன். "ஆழாக்குன்னா என்னாண்ணே?" சுப்பாக் என்கிற மலாய் அளவில் ஏழில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் என்று சொல்லித் தப்பித்தேன்.)

இனி இந்த அளவைப் பெருக்குகிற இரண்டு வேலைக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். இங்கேதான் எனக்கு அடி விழுந்தது.

குழியைப் பெரிதாக்குவது 'குழி அகட்டல்'. விட்டத்தின் வர்க்கம் கணக்கில் வருவதால் 5 மில்லி கூட்டினாலே 18 விழுக்காடு ஏறிவிடும். தேய்ந்த குழியைக் கால் மில்லி, அரை மில்லி கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது வேறு வேலை. அதற்கு 'கடைசல்' போதும், லேத் கடைக்காரர் சொல்லும் அதுதான். பழைய ஹோண்டா இஎக்ஸ்5-இன் 50 மில்லிக் குழியை 51 வரை கடைந்தாலும் 97 சிசி 101 ஆகும், அவ்வளவுதான். அதைப் பவர் கூட்டியதாக எந்தப் போமேனும் (மெக்கானிக்கும்) சொல்லிக்கொள்ள மாட்டார்.

அடுத்தது, நம் போமேன்கள் கிராங்க் ஜெக் பண்ணுவது என்பார்களே, அது. பிஸ்டனை ஆட்டும் கிராங்க் தண்டின் பின்னை நடுவிலிருந்து இன்னும் 2 மில்லி தள்ளி வைத்தால் பிஸ்டன் மேலே 2 மில்லி, கீழே 2 மில்லி கூடுதலாகப் போகும். வீச்சு 4 மில்லி நீளும். நான் குறிப்பேட்டில் பின் நகர்வது, வீச்சு நீள்வது இரண்டையுமே 'வீச்சுக் கூட்டல்' என்று எழுதி வைத்திருந்தேன். பையன் '4' என்பதைப் பார்த்து, பிளாக்குக்கு அடியில் வைக்கிற தகட்டை 4 மில்லிக்கு வெட்டச் சொல்லிவிட்டான். வேண்டியது 2, பிஸ்டன் மேலே கூடுதலாகப் போவது அவ்வளவுதானே. மாட்டி முடித்து மிதித்தால் மோட்டார் கிளம்பியது, ஆனால் ஏற்றத்தில் கிழவன் மாதிரி மூச்சு வாங்கியது. கழற்றிக் கணக்குப் போட்டேன். 11-க்கு வரவேண்டிய அழுத்த விகிதம் 8.6-இல் உட்கார்ந்திருந்தது. மேலே தேவையில்லாத 5 சிசி. தகட்டுக் காசும் ஒரு நாள் வேலையும் போனது. தப்பு அவன் மேலா, சொல் மேலா? அதனால் பின்னை நகர்த்துவது 'பின் தள்ளல்', அதன் பலன் 'வீச்சு நீட்டல்'. இரண்டையும் குழப்பக் கூடாது.

> பொதுவாகச் சொல்ல 'ஆற்றல் பெருக்கல்' என்றால் என்ன?

வேண்டாம். உழக்களவு கூடினால் முதலில் கூடுவது முறுக்கு (டார்க்). 13.8 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின், மற்ற எல்லாம் ஒத்துழைத்தால், 62 பிளாக்கில் 16-ஐத் தொடலாம். ஆனால் வால்வும் சிலிண்டர் ஹெட்டும் பழையதாகவே இருந்தால் மேல் சுற்றுகளில் காற்று போதாமல் திணறும், குதிரைத்திறன் அந்த அளவுக்கு ஏறாது. ஹெட்டைத் தொடாமல் தட்டைப் பிஸ்டன் போட்டால் அழுத்த விகிதம் 12-ஐத் தாண்டும், ரோன்95 பெட்ரோலில் எஞ்சின் தட்ட (நாக் அடிக்க) ஆரம்பிக்கும். பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர், அதை ஆளும் இசியு கணினி எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வரும் செலவு. பெயரிலேயே ஆற்றலை வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வாடிக்கையாளரிடம் யார் பதில் சொல்வது?

கிரானில் (வண்டிப் பதிவு ஆவணத்தில்) பதிந்த சிசியை மாற்ற ஜேபிஜே, அதாவது மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும் என்பதையும் குறிப்பேட்டில் சேர்த்திருக்கிறேன். அங்கே மட்டும் 'சிசி' என்றே இருக்கட்டும்.

செந்தூலிலிருந்து

—

செந்தூல் தம்பிக்கு,

உழக்களவு நன்றாக இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு தயக்கம்: பேச்சில் 'உழக்களவு' என்று வேகமாகச் சொன்னால் 'உலகளவு' என்று கேட்கிறது. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், நாலு பிள்ளைகள் உலகளவு என்றே எழுதினார்கள். நமக்கு ழகரம் எப்படி என்று தெரியுமே! வெறும் 'உழக்கு' என்று நிறுத்தினால் என்ன? '150 சிசி உழக்கு' என்றால் தெளிவாக இருக்கிறது.

குழி அகட்டலுக்கு என் ஓட்டு உண்டு. காலை அகட்டி நிற்காதே என்று அம்மா திட்டிய சொல், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பட்டர்வொர்த் டீச்சர்

—

அக்கா, உலகளவு என்பதை யோசிக்கவே இல்லை! 'உழக்கு' என்றே மாற்றிவிடுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

சிலிண்டர் ஹெட்டுக்கு 'மண்டை' என்று எழுதியிருக்கிறேன். ஈப்போ ஐயா கோபிப்பார் என்று தெரியும். அதற்குத் தனி இழை திறந்துவிடுங்கள்.