பாலைவன ஹாரர் பார்க்கிறவங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க
மக்களே, வெஸ் கிரேவனோட 1977 படம் 'தி ஹில்ஸ் ஹேவ் ஐஸ்' இப்பதான் பார்த்தேன், கலிஃபோர்னியா மொஹாவி பாலைவனத்துல 16 எம்எம்ங்கிற சின்ன சைஸ் ஃபிலிம்ல எடுத்தது, அந்த புள்ளி புள்ளியா தெரியிற படமும் காய்ஞ்ச பாறையும் சேர்ந்து செம பயம் காட்டுது. ஆனா ஃப்ரெண்ட்ஸ் பாதி பேர் ஸ்லோ, நடிப்பு சுமார்னு ஒதுக்கிட்டு அலெக்சாந்தர் அஜா மொராக்கோல எடுத்த 2006 ரீமேக்தான் பெஸ்ட்ங்கிறாங்க. எனக்கென்னவோ அதுல ரத்தம்தான் ஜாஸ்தி, நடுப் பாலைவனத்துல மாட்டிக்கிட்ட தவிப்பு பழசுலதான் இருக்கு. ரெண்டும் பார்த்தவங்க எதை வச்சு மார்க் போடுவீங்க? அப்புறம் இதே 70ஸ் லுக்ல இப்ப எடுத்த படம் ஏதாவது இருந்தா சொல்லுங்க, பேய் வேணாம், வண்டி நின்னு தண்ணி தீர்ந்து உயிருக்குப் போராடற டைப்பா இருக்கணும்.