அடுத்தடுத்த அடிகளைத் தவறவிடும் இடது அம்பு: சென்சாருக்கு அடியில் அட்டை வைப்பது சரிதானா?

கேள்வி

வணக்கம். எங்கள் விளையாட்டுக் கூடத்தில் இருக்கும் பழைய டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் (திரையில் வரும் அம்புகளுக்கு ஏற்பக் காலால் மிதித்து ஆடும் விளையாட்டு) இயந்திரத்தின் பேட்களை, அதாவது மிதிமேடைகளை, சில மாதங்களாக நான்தான் பராமரித்து வருகிறேன். முதல் ஆட்டக்காரர் பக்கத்து இடது அம்பு மெதுவான பாடல்களில் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. ஆனால் அதே அம்பை அடுத்தடுத்து மூன்று நான்கு முறை வேகமாக மிதிக்க வேண்டிய இடங்களில் முதல் அடி மட்டும் பதிவாகிறது, மற்றவை தவறிப்போகின்றன. அம்புக்குரிய பேனலைக் கழற்றி, மிதிப்பதை உணரும் நான்கு சென்சார்களுக்கு அடியிலும் மடித்த அட்டையை வைத்து உயர்த்திப் பார்த்தேன். இரண்டு நாள் அருமையாக இருந்தது, பிறகு முன்பைவிட மோசமாகிவிட்டது. காலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டிய நீள அம்புகள் மட்டும் ஒருமுறைகூடத் தவறுவதில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இன்னும் தடித்த அட்டை வைக்கலாமா, அல்லது நான்கு சென்சார்களையும் மாற்றிவிடுவது நல்லதா?

முதல் பதில்

தடித்த அட்டை வேண்டாம். நீள அம்புகள் தவறுவதில்லை என்று நீங்கள் எழுதிய வரியிலேயே பாதி விடை இருக்கிறது.

ஒவ்வொரு அம்புப் பேனலின் நான்கு ஓரங்களுக்கு அடியிலும் பட்டையான ஒரு சென்சார் கிடக்கிறது. ரப்பர் உறைக்குள் இரண்டு உலோகத் தகடுகளும், அவை ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து வைக்கும் நுரைப் பஞ்சும் மட்டுமே அதில் உண்டு. கால் பட்டதும் தகடுகள் தொட்டுக்கொள்கின்றன, காலை எடுத்ததும் பஞ்சு அவற்றைப் பிரித்துவிட வேண்டும். நான்கில் ஏதாவது ஒன்று மூடினாலே, அதாவது அதன் தகடுகள் தொட்டுக்கொண்டாலே, பேனல் மிதிக்கப்பட்டதாக இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு சென்சார் செத்துவிட்டால் அந்த ஓரத்தில் படும் அடிகள்தான் தவறும், மற்ற மூன்றும் ஓரளவு ஈடுகொடுக்கும். மாறாக ஒரு சென்சார் திறக்காமல் ஒட்டிக்கொண்டுவிட்டால், மற்ற மூன்றும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை, ஏனெனில் இயந்திரம் புதிய அடியாகக் கணக்கில் எடுப்பது திறந்த நிலையிலிருந்து மூடிய நிலைக்கு மாறும் அந்தக் கணத்தைத்தான். 2001-இல் ஆறாவது பதிப்போடு வந்த நீள அம்புகளுக்கோ பேனல் மூடியே இருந்தால் போதும். ஒட்டிக்கொண்ட சென்சார் அவற்றுக்கு உதவியே செய்கிறது!

டெஸ்ட் மெனுவில் பேட் உள்ளீடுகளைக் காட்டும் திரையைத் திறந்து, பேட் மீது யாரும் நிற்காதபோது எந்தச் சென்சார் எரிகிறது என்று பாருங்கள். பிறகு பேனலை எடுத்துவிட்டுப் பாருங்கள். எடுத்ததும் அணைந்தால் சென்சாரில் பெரும்பாலும் குற்றமில்லை, உங்கள் அட்டைதான் அதை எந்நேரமும் நெருக்கிக்கொண்டிருக்கிறது. எடுத்த பிறகும் எரிந்தால், இயந்திரத்தை அணைத்து, அந்தச் சென்சாரின் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரை வையுங்கள். சும்மா இருக்கும்போது இணைப்பே இருக்கக் கூடாது, கட்டை விரலால் அழுத்தினால் மிகக் குறைந்த ஓம் காட்ட வேண்டும், விரலை எடுத்த உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அந்த "உடனே" என்பதில்தான் உங்கள் சிக்கல் இருக்கிறது என்று நினைக்கிறேன். பஞ்சு சோர்ந்துபோன சென்சார் மெதுவாகத்தான் திறக்கும், மெதுவான பாடல்களில் அது வெளியே தெரியாது. பேனல் திறந்திருக்கையில் மின்சாரம் ஓடினால் விளக்குக் குழல்களுக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். அதில் உயர் மின்னழுத்தம் உண்டு.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். அட்டையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அட்டை காலடியில் சில நாட்களிலேயே நசுங்கி, ஈரத்தை உறிஞ்சி, ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போய்விடும். உயர்த்தத்தான் வேண்டுமென்றால் மின் ஒட்டு நாடாவைச் சென்சாரின் நீளத்துக்கு ஒரு சுற்று ஒட்டி, பேனலைத் திரும்ப மூடி, மூலைப் பிராக்கெட்டுகளையும் முழுவதும் முறுக்கிய பிறகே சோதித்துப் பாருங்கள். பிராக்கெட்டைத் தளர்வாக விட்டுச் சோதித்தால் கிடைக்கும் முடிவு பொய்யானது, ஏனெனில் பேனல் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை முடிவு செய்வதே அந்த நான்கு மூலைகள்தான். போதவில்லை என்றால் இன்னொரு சுற்று, அவ்வளவுதான். ஒரேயடியாக நான்கைந்து சுற்று ஒட்டியவர்கள் எல்லாரும் மறுபடி பிரிக்கத்தான் செய்தார்கள்.

பிராக்கெட் திருகுகள் ஆட்டத்தின் அதிர்விலேயே தளர்ந்துவிடும். தளர்ந்தபடியே ஆடினால் மரை தேய்ந்துபோகும், அதன் பிறகு சரிசெய்வது பெரிய வேலை. கழற்றக்கூடிய வகைத் திருகுப் பசையை ஒரு துளி இடுங்கள். நிரந்தர வகையை மறந்தும் இடாதீர்கள்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. அட்டையை எடுத்ததும் மூன்று சென்சார்கள் அணைந்துவிட்டன, வலது ஓரத்தில் இருந்தது மட்டும் அணையவில்லை. கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தபோது, நீளத்தின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பர் பளபளவென்று தட்டையாகிக் கிடந்தது. அழுத்திவிட்டால் அந்த இடம் மேலெழ ஏறக்குறைய ஒரு வினாடி ஆனது, அதுவரை மல்டிமீட்டரின் ஒலி நிற்கவே இல்லை. பேனலின் நடுத் தட்டை ஒட்டிய ஓரம் என்பதால் எல்லாருடைய காலும் அங்கேதான் விழுகிறது போலும். அதற்கடியில் மணலும் முடியும் சேர்ந்து கம்பளம்போலப் படிந்திருந்தன. அதையும் சுத்தம் செய்துவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

மூன்றாம் பதில்

இங்கே நான் சற்று மாறுபடுகிறேன். ஒன்றை மட்டும் மாற்றினால் அம்பு வேலை செய்யும் என்பது உண்மைதான், ஆனால் புதிய சென்சார் இருக்கும் ஓரம் ஒரு மாதிரியும் பழைய ஓரங்கள் வேறு மாதிரியும் பதில் சொல்வதை நன்றாக ஆடுபவர்கள் காலிலேயே உணர்ந்துவிடுவார்கள். என் வழக்கம் இது: அதிகம் மிதிபடும் உள் ஓரத்துக்குப் புதியதை வைப்பேன், மற்ற மூன்றையும் மல்டிமீட்டரில் பார்த்து, உடனே திறப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்வேன். சந்தேகமானவற்றை யாரும் மிதிக்காத ஓரத்துக்கு மாற்றும் தவறைச் செய்யாதீர்கள். ஒட்டிக்கொள்ளும் சென்சார் எந்த ஓரத்தில் இருந்தாலும் முழுப் பேனலையும் கெடுத்துவிடும்.

தூசியை உறிஞ்சும் கருவியால்தான் எடுக்க வேண்டும். காற்றை ஊதினால் மணல் பக்கத்துப் பேனலுக்குப் போய்ச் சேரும். துணியை ஈரமாக்கித் துடைப்பதும் கூடாது, சென்சாரின் கம்பி நுழையும் முனை வழியாக ஈரம் உள்ளே போனால் தகடுகள் துருப்பிடித்துவிடும்.

கேட்டவரின் மறுமொழி

உள் ஓரத்துக்குப் புதிய சென்சார் போட்டாயிற்று. எதிர் ஓரத்தில் இருந்ததும் தயங்கித் தயங்கித்தான் திறந்தது, அதையும் மாற்றிவிட்டேன். எந்த உயர்த்தலும் இல்லாமலேயே வேகமான அடிகள் இப்போது பதிவாகின்றன. மேல் ஓரத்துக்கு மட்டும் நாடா ஒரு சுற்று தேவைப்பட்டது. நாளை வலது அம்பைத் திறக்கப்போகிறேன், அதன் பிராக்கெட் ஒன்றில் திருகு முறுக்க முறுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.