வண்டியில் வெள்ளம் ஒழிக்கணும்

செங்கோட்டையிலிருந்து:

செயற்கை நுண்ணறிவு இந்திய மொழிகளையெல்லாம் கற்றுக்கொண்டுவிட்டது என்னும் செய்தி வாரத்துக்கு ஒருமுறையாவது கண்ணில் படுகிறது. ஊரை ஒட்டிய பிரானூர் பார்டரில் மரக்கடை ஒன்றில் கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. கூடவே கொஞ்சம் எரிச்சலும் வருகிறது.

2023 டிசம்பரில் காசித் தமிழ்ச் சங்கமத்தில் பிரதமர் இந்தியில் பேசியதை, பாஷிணி என்னும் அரசின் மொழிபெயர்ப்புக் கருவி உடனுக்குடன் தமிழாக்கிக் காதில் சேர்த்தது. அந்தச் செய்தி வந்த நாளில் எதிர் டீக்கடை அண்ணாச்சி என்னைப் பார்த்து, "இனிமே கேரளா டிரைவர்கிட்டப் பேச ஒம்ம தயவு வேண்டாம்வே" என்றார். அவருக்கு மலையாளம் என்னைவிட நன்றாகத் தெரியும் என்பது வேறு விஷயம். மேடையில் ஒருவர் நிறுத்தி நிதானமாக, ஒரே மொழியில், நல்ல ஒலிவாங்கியின் முன் நின்று பேசுவதை அந்தக் கணமே மொழிபெயர்ப்பது பெரிய காரியந்தான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் பேசுவதில்லை. புனலூர்ப் பக்கமிருந்து தடி ஏற்றி வரும் லாரி ஓட்டுநர் வரவு செலவைத் தமிழில் தொடங்குவார், மலைப்பாதையில் பட்ட பாட்டை மலையாளத்தில் சொல்வார், பாக்கித் தொகையை ஆங்கிலத்தில் முடிப்பார். நடுவில் எந்த இடத்தில் மொழி மாறியது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

எங்கள் முதலாளி மதுரைக்காரர். தொலைபேசியில் பேசினால் மறந்துவிடுகிறது, எல்லாம் எழுத்தில் வேண்டும் என்பது அவர் கட்டளை. அதனால், பேசினால் எழுதிக்கொடுக்கும் செயலி ஒன்றைத் தமிழுக்கு அமைத்து வைத்திருந்தேன். ஆனி மாதத்தில் சாரல் பிடித்திருந்த ஒரு நாள், தடியோடு வரவேண்டிய லாரி ஆரியங்காவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. ஓட்டுநர் கூப்பிட்டுச் சொன்னதை அந்தச் செயலியிடமே கேட்க விட்டு, வந்த எழுத்தைப் படித்துப் பார்க்காமல் முதலாளிக்கு அனுப்பினேன். அதில் இருந்தது இதுதான்: "வண்டியில் வெள்ளம் ஒழிக்கணும், அரை மணிக்கூர் தாமசம்."

இரண்டு நிமிடத்தில் முதலாளி கூப்பிட்டார். 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் புரட்டிப் போட்ட வெள்ளத்தை அவர் மறந்தவரல்லர். "தடி மிதந்து போச்சா? ஆளாவது பத்திரமா இருக்கானா?" என்று கேட்ட குரலில் இருந்த நடுக்கம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், ஒழிப்பது என்றால் ஊற்றுவது, சூடேறிய ரேடியேட்டருக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன் என்பதுதான் அந்த மனிதர் சொன்ன முழுச் செய்தி என்று விளக்கி முடிப்பதற்குள், லாரியே கடை வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், கருவி ஓர் எழுத்துக்கூடப் பிழையாக எழுதவில்லை. சிறப்பு ழகரம் முதற்கொண்டு சரியாக இருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளே அவ்வளவு சுத்தமாக எழுதமாட்டார்கள்.

அண்ணாச்சி கடையில் மேசை துடைக்கும் பையன் 'வெள்ளம்' என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில், வண்டியின் மூக்கில் ஆவி கிளம்புகிறதா, வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாரா என்று ஒரு பார்வை பார்ப்பான். பார்த்துவிட்டு வாளியையோ டம்ளரையோ எடுப்பான். எந்த மொழியில் கேட்டீர்கள் என்று அவன் ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. கருவியோ வாயைத் திறப்பதற்கு முன்பே மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எல்லா மொழியும் தெரியும் என்று மார்தட்டும் செய்திகளோடு எனக்குள்ள சண்டை இந்த ஒரே இடத்தில்தான்.

கேட்காமலே மொழியைக் கண்டுகொள்ளும் கருவிகள் இருக்கின்றனவே என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் விஸ்பர் என்னும் கருவியை வெளியிட்டது. 6,80,000 மணி நேரப் பேச்சைக் கேட்டுப் பயின்றது என்றார்கள். அதில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது 1,17,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கிலும் 96 இலை போட்டுப் பரிமாறினால் கடைசிப் பந்திக்கு ரசம்தான் மிஞ்சும். அதுகூடப் போகட்டும். பேச்சை 30 வினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் இன்ன மொழி என்று முத்திரை குத்திக்கொண்டு எழுதுவது அதன் வழக்கம். எங்கள் ஓட்டுநர் 30 வினாடிக்குள் மூன்று முறை எல்லையைத் தாண்டித் திரும்பிவிடுவார்.

எல்லை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழ்நாட்டோடு, அதாவது அன்றைய சென்னை மாநிலத்தோடு, சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர்ச் சீமைக்கு எல்லை பிரானூர்தான். அதன் பிறகு எல்லை மேற்கே மலையேறிக் கோட்டைவாசலுக்குப் போய்விட்டது. ஆனால் பார்டர் என்னும் பெயர் மட்டும் அதனோடு போக மறுத்து இங்கேயே தங்கிவிட்டது. இந்தப் பிரானூர் பார்டர் கடைகளில் பரோட்டா தின்பதற்கென்றே சென்னையிலிருந்து வந்த என் தங்கை மகன், கேரளா பார்டருக்கு வழி சொல் என்று கைபேசியைக் கேட்டிருக்கிறான். அது சமர்த்தாக அவனைப் புளியரை தாண்டி மலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தியது. "மாமா, பார்டருக்கு வந்துட்டேன், ஒரு கடையையும் காணோமே" என்று அழாத குறையாகக் கூப்பிட்டான். "மாப்ளே, நீ போயிருக்கது கவர்மெண்ட் பார்டர். பரோட்டா பார்டர் கீழே இருக்கு, திரும்பி வா" என்றேன். அவன் வந்து சேர்ந்தபோது கோழி தீர்ந்துபோயிருந்தது.

கம்பத்திலிருந்து:

மேலே எழுதியவருக்காவது லாரி வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டுக் கதை இன்னும் கொஞ்சம் நீளம்.

என் அண்ணன் மகள் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அண்ணன் திராட்சை வியாபாரம் செய்பவர்; மலையாளத்தில் விலை பேசும் அளவுக்குத்தான் அவருக்குப் பழக்கம், எழுத்து வாசிக்கத் தெரியாது. குமுளியில் ஏதோ ஓர் அலுவலகத்தின் விளம்பரம் அவர் கைபேசிக்கு வந்தது. மொழியை மாற்றாமல் எழுத்தை மட்டும் தமிழாக்கிக் காட்டும் செயலி ஒன்று அதைக் கொட்டை எழுத்தில் 'தொழிலவசரம்' என்று காட்டியிருக்கிறது. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு, அதாவது வேலைவாய்ப்பு என்பதுதான் தலைப்பு. அண்ணன் அதை ஆள் அவசரமாகத் தேவை என்று படித்துவிட்டார். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப் விடியற்காலையில் புறப்படுமல்லவா, அதிலேயே மகளையும் ஏற்றிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் தலைகூடச் சரியாக வாராத பிள்ளையோடு, மலையேறிவிட்டார். அலுவலகம் திறந்தது பத்து மணிக்கு.

உள்ளே இருந்த அதிகாரி விளம்பரத்தின் கெடு முடிந்துவிட்டது என்பதை நல்ல மரியாதையோடு, "இப்போள் அவசரம் இல்லா" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் வீட்டுக்கு வந்து, "தங்கமான மனுசன்ப்பா. அவசரமில்ல, மெதுவா வாங்கன்னு சொல்லிட்டாரு" என்று எங்கள் எல்லாருக்கும் காப்பி போடச் சொன்னார். இரண்டு வாரம் அழைப்புக்குக் காத்திருந்த பிறகு, மகளே கூட்டாளிப் பெண் ஒருத்தியிடம் கேட்டு விளங்கிக்கொண்டாள். அண்ணனிடம் இதை யாரும் இன்னும் சொல்லவில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

நான் சற்று மாறுபடுகிறேன். பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர்ப் பக்கம் இருக்கும் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களில், தமிழ்வழியில் மட்டும் படித்த பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். என் அம்மாவுக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும்; ஓர் எழுத்தும் வாசிக்க வராது. வீட்டுக்கு வரும் எந்தத் தாளுக்கும் அவர் என்னையோ, வேலியோரம் நிற்கும் பக்கத்து வீட்டுச் சேச்சியையோ எதிர்பார்த்துக் கொண்டிருந்தார். கேமராவைக் காட்டினால் தாளைத் தமிழில் வாசித்துக்காட்டும் வசதி வந்ததிலிருந்து, தாமே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறார். ஓட்டுநர்கள் பேசுவது எப்படியோ, அச்சிட்ட தாளில் தேதியையும் தொகையையும் இதுவரை அது தவறாகச் சொன்னதில்லை. பகடி செய்வதற்கு முன்பு இதையும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

போன மாதம் தெருமுனைக் கடையில் ஒட்டியிருந்த மின்தடை அறிவிப்பையும் அது சரியாகத்தான் வாசித்தது: காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. மறுநாள் மதியம் புழுக்கம் தாங்காமல் அம்மா கைபேசியை எடுத்து, "என்னத்துக்குப்பா இன்னிக்கு நிறுத்திருக்காங்க?" என்று கேட்டார். மின்சாரத்தோடு டவரும் படுத்திருந்ததால் அது ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, கைபேசியைத் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வேலிப் பக்கம் போய்ச் சேச்சியைக் கூப்பிட்டார்.